ஆளைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு இரவில் ஓடும் பஸ்களில் நான் நடத்துநராக இருந்தவன். ஒன்பது, பத்து மணிக்கு மேல் தனியாக வரும் பெண் படியில் கால் வைக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார். "அண்ணாச்சி, உள்ள பொம்பளையாளு யாரும் இருக்காவளா?" இருக்கிறார்கள் என்றால் ஏறிவிடுவார். ஒருவரும் இல்லையென்றால் எட்டி உள்ளே பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், மணியைப் பார்ப்பார். சிலர் ஏறுவார்கள். சிலர் "அடுத்த வண்டில வாரேன்" என்று ஒதுங்கிவிடுவார்கள். அடுத்த வண்டியிலும் நிலைமை இதுவாகவே இருக்கலாம் என்று அவர்களுக்கும் தெரியும்.

இப்போது ஓய்வு பெற்று டீக்கடைப் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். இங்கே கேட்கிற குறை வேறு. "பக்கத்து சீட்ல உக்காந்தா போதும், அந்தப் பிள்ள பையத் தூக்கி நடுவுல வைக்குது. நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்? எல்லா ஆம்பளையும் அப்படியா வே?" என்று என் வயதுக்காரர் ஒருவர் பொருமினார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஆணிடம் ஒரு பெண் எச்சரிக்கையாக இருப்பது அவளுடைய சொந்த முடிவு. அதில் எந்த ஆணுக்கும் அவமானம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தை அவளிடமிருந்து பிடுங்கி, அவள் பெயரால் குடும்பமும் ஊரும் அரசும் தீர்ப்பு எழுதத் தொடங்கும்போது கெடுதல் தொடங்குகிறது. இந்த இரண்டையும் நாம் ஓயாமல் குழப்பிக்கொள்கிறோம்.

மூன்று நொடிக் கணக்கு

பஸ்ஸில் ஏறும் பெண் மூன்று நொடிக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடுவார். வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கை காலியா? அதுவும் இல்லையென்றால், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஆண் யாராவது உண்டா? உட்கார்ந்ததும் பை நடுவில் வரும். அபிஷேகப்பட்டியில் ஏறும் பல்கலைக்கழக மாணவிகள் புத்தகப் பையை முதுகிலிருந்து கழற்றி நெஞ்சுக்கு முன்னால் மாட்டிக்கொள்வார்கள். சேலையில் குத்துவதற்கென்று இல்லாமல், விரல் இடுக்கில் பிடித்துக்கொள்வதற்கென்றே ஓர் ஊக்கு இருக்கும். ஆலங்குளம் தாண்டியதும் போனை எடுத்து, மற்றவர் காதில் விழும்படி, "ஆமாப்பா, பாவூர்சத்திரத்துக்கு வந்துருங்க" என்பார்கள். மறுமுனையில் யாரும் இல்லாத அழைப்புகளும் அவற்றில் உண்டு என்பதைப் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்த எனக்குத் தெரியும். இறங்கும்போது, "டீக்கடை வெளிச்சம் இருக்குல்லா, அங்க நிப்பாட்டுங்க அண்ணாச்சி."

அதே பஸ்ஸில் ஏறும் ஆணுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. ஏறினான், உட்கார்ந்தான், பேட்டை தாண்டுமுன் தூங்கிவிட்டான். பெண் அதே கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வழி நெடுக விழித்திருக்கிறார்.

நானும் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஆண்தான். அதுவும், நெரிசலில் உடம்போடு உடம்பு உரசி ஊடே நுழைந்து போக வேண்டிய தொழில். அதனால் பையை முன்னால் தொங்கவிட்டு, டிக்கெட் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "வழி, வழி" என்று சத்தம் கொடுத்துக்கொண்டுதான் போவேன். சில்லறையை விரல் நுனியில் நீட்டும் பெண்கள் உண்டு. மடியில் துணி விரித்து அதில் போடச் சொன்ன பாட்டி உண்டு. நான் போய்க் கடக்கும்வரை தோளை ஒடுக்கி நின்றவர்கள் ஏராளம். கை சுத்தமாக இருந்தால் அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறினால் எல்லாரிடமும் டிக்கெட் கேட்பார். முன் இருக்கை வாத்தியாரிடமும் கேட்பார், படிக்கட்டில் நிற்கும் பையனிடமும் கேட்பார். "நான் என்ன திருடனா?" என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. டிக்கெட் எடுக்காதவர் சிலர் இருப்பதால் எடுத்தவரும் காட்ட வேண்டியிருக்கிறது என்று எல்லாருக்கும் புரிகிறது. நடுவில் வைத்த பைக்கும் அதற்குமேல் அர்த்தம் இல்லை. அந்தப் பெண் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. யார் எப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் இல்லை, தவறிப்போனால் விலை கொடுக்கப்போவதும் அவள்தான். அந்தப் பையால் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன நஷ்டம்? நாலு விரற்கடை இடம்.

பதிவேட்டில் ஏறாதவை

படித்தவர்கள் இங்கே ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துப் போடுவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டார், காதலன் என்று நம்பப்பட்டவன். அப்படியென்றால் அந்நியரைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

புள்ளிவிவரம் சரி. ஆனால் அது காவல் நிலையம் வரை போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் எண்ணுகிறது. பஸ் திரும்பும்போதெல்லாம் வேண்டுமென்றே சாய்கிற தோள், இருக்கை இடுக்கு வழியாக நீளும் கை, இறங்கும் நெரிசலில் ஒரு கிள்ளல் எல்லாம் எந்தப் பதிவேட்டில் ஏறின? நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனதோடு முடிந்துபோயின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக்கூடச் செய்யாமல் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள்.

அது சின்ன விஷயம் என்பாருக்கு 1998 நினைவிருக்க வேண்டும். அந்த ஆண்டு சென்னையில், ஆட்டோவில் வந்த சில இளைஞர்களின் அட்டகாசம் ஒரு கல்லூரி மாணவியின் உயிரைப் பறித்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 2025 ஜனவரியில் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

தென்காசி பஸ் நிலையத்தில் நடந்தது

எங்கள் வழித்தடத்திலேயே தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. 1999 ஜூலை, குற்றால சீசன். பந்தோபஸ்து பணிக்கு வந்திருந்த ஒரு காவலர், இரவு பதினொரு மணி வாக்கில் குடிபோதையில் தென்காசி பஸ் நிலையத்துக்கு வந்தார். அங்கே கணவரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணைத் தன்னோடு வரச்சொல்லி மிரட்டினார். எதிர்த்தால் கணவர்மீது வழக்குப் போடுவேன் என்றார். புகாருக்குப் பின் துறை அவரைப் பணிநீக்கம் செய்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சிகள் பிறழ்ந்து அவர் விடுதலையானார். உயர் நீதிமன்றம் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கடைசியில் 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பணிநீக்கம் சரியே என்று தீர்ப்பளித்தது.

பெண்களுக்கு நாம் சொல்லும் புத்திமதிகளை இந்த வழக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் போகாதே, துணையோடு போ என்கிறோம். கணவர் பக்கத்திலேயே நின்றார். இருட்டுச் சந்தில் நிற்காதே, நாலு பேர் இருக்கும் இடத்தில் நில் என்கிறோம். அது பஸ் நிலையம். ஆபத்து என்றால் போலீஸைத் தேடு என்கிறோம். ஆபத்தே போலீஸாக வந்தது. ஆளின் தோற்றத்தையும் தொழிலையும் வைத்து நல்லவன் கெட்டவன் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் நாட்டுக்கே சில உத்தரவுகள் இட்டார்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், தியேட்டர், கடற்கரை, கோயில் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்கள் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும். கவனியுங்கள்: எப்படிப்பட்ட ஆண்கள்மீது கண் வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் பட்டியல் போடவில்லை. பெண் சொன்னதும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

பயத்தைக் கைப்பற்றுகிறவர்கள்

அந்தப் பட்டியலைப் போடுவது ஊரின் வேலையாக இருக்கிறது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வரும் வடமாநிலப் பையன்கள் ஏறினால், முன் இருக்கைப் பெரியவர் தானாகவே, "ஏ பிள்ள, நீ இங்க வந்து உக்காரு" என்று ஒரு மாணவியைக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பையன்கள் எதுவும் செய்யவில்லை. நான் விசில் ஊதி நடுவழியில் இறக்கிவிட்ட ஆட்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். சட்டையை இன் பண்ணிய ஆபீஸ்காரர் உண்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர் உண்டு, "நான் இவளுக்கு அப்பா வயசு" என்று என்னிடமே பாய்ந்தவரும் உண்டு.

தென்மாவட்டங்களில் இந்தச் சந்தேகத்துக்குச் சாதிக் கண்ணும் உண்டு. ஒரு மாணவனும் மாணவியும் பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தால், பையன் எந்தத் தெரு என்பதைப் பொறுத்து அது நட்பாகவோ தொந்தரவாகவோ ஆகிவிடும். பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. இது தெற்கோடு நிற்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்துத் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதையடுத்து, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பேச்சைப் பாமக நிறுவனர் ராமதாஸ் மேடைகளில் பரப்பினார். அந்தத் தீவைப்புக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தென்காசி வழக்கின் தீர்ப்பு. அதற்குப் பதினாறாவது நாள், டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளான அந்தக் கொடூரம். நாற்பது நாளைக்குள் இத்தனையும். பெண்ணின் பாதுகாப்பு என்ற பெயரில் ஒருபக்கம் குடிசை எரிந்தது, இன்னொரு பக்கம் நிஜமாகவே பாதுகாப்புக் கேட்ட பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

பெண் தன் பையை நடுவில் வைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அவள் சொல்லாத பயத்தை ஊர் எடுத்துக்கொண்டால் ஓர் இளைஞனின் உயிர் போகலாம். எச்சரிக்கைக்கும் முத்திரை குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்தது குடும்பம். பஸ்ஸில் ஒருவன் சீண்டினான் என்று வீட்டில் சொன்னால், "அப்ப காலேஜுக்குப் போவாண்டாம்" என்றுதான் பதில் வரும் என்று பல பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவர்கள் வீட்டில் வாய் திறப்பதில்லை. வெளியே ஆபத்து, வீடே கோட்டை என்பது நம் நம்பிக்கை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தெருவில் போகிறவனைக் காட்டிப் பயமுறுத்தி, பெண்ணை எங்கே கொண்டுபோய் அடைக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

அரசுக்கும் இந்தப் புத்தி வருகிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டார். குற்றவாளி போலீஸோடு வேலை பார்த்த தன்னார்வலர். மேற்கு வங்க அரசு அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி தராமல் தவிர்ப்பது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தது.

மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகம் இதையேதான் வாதிடுகிறது. பெண்ணின் பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினால், ஏழை ஆண்களையும் சிறுபான்மை ஆண்களையும் தெருவிலிருந்து விரட்டுவதில்தான் போய் முடிகிறது. பெண்ணுக்குக் கிடைப்பதும் வீட்டுக் காவல்தான் என்கிறார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் தெருவில் நிற்கும் உரிமை இரண்டு பேருக்கும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நான் நகரத்து ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனாலும் ஆலங்குளம் நிறுத்தத்தில் பார்த்ததற்கும் அதற்கும் ரொம்ப தூரம் இல்லை.

நடத்தையைப் பார்த்தால் போதும்

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸில் பெண்ணை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, சைகை காட்டுவது, படம் எடுப்பது எல்லாம் குற்றம். அப்படிச் செய்பவரை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். உதவுவதுபோலப் பெண்ணைத் தொடும் நடத்துநரும் தண்டனைக்கு உரியவர். அன்று எங்கள் ஓய்வறையில் ஒரே கேலி. "இனிமே பாசஞ்சருக்கெல்லாம் கூலிங் கிளாஸ் நாமளே குடுக்கணும் போல" என்றார் ஓர் ஓட்டுநர். பார்வையை எதை வைத்து அளப்பது என்று கேட்டார் இன்னொருவர்.

அளக்கலாம். பஸ்ஸில் ஏறுகிற யாரையும் எல்லாரும் ஒரு தடவை பார்ப்பார்கள். அது பார்வை. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் தொடர்வது வேறு. அவள் இடம் மாறினால் பின்னாலேயே இடம் மாறுவது வேறு. இதைக் கண்டுபிடிக்க ஆளின் சட்டை, மொழி, தெரு, வயது எதுவும் தேவையில்லை. ஆளைப் பார்க்காமல் கையைப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த நடத்துநர் சொல்வார். பணியில் இருந்தவரை எனக்கு அதுவே விதி.

2021இல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது எங்களுக்குள் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் சில மாதங்களில் மாற்றம் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள் என்று வண்டி முழுக்கப் பெண்கள். அவர்கள் நிறைந்த வண்டியில் கை நீட்ட ஒருவனுக்குத் துணிச்சல் வருவதில்லை. வந்தாலும் நாலு அக்காமார் எழுந்துவிடுவார்கள். கேமராவும் அவசரப் பொத்தானும் வேண்டியவைதான். அவற்றைவிடப் பெரிய காவல், வெளியே வருகிற பெண்களின் எண்ணிக்கை. மப்சல் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது, இரவு வண்டிகளும் குறைவு. பெண்கள் இல்லாததால் பெண்கள் வருவதில்லை என்ற சுழலை அங்கேயும் உடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. கடைசி வண்டிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கூடுதலாக ஒரு வண்டி. நிறுத்தங்களில் விளக்கு. எங்களுக்குப் பக்கத்துக் கேரளத்தில், மிகச் சில விரைவு வண்டிகள் தவிர மற்றவை இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்று 2022இல் உத்தரவு போட்டார்கள். அதுபோன்ற விதியை இங்கேயும் எல்லா வண்டியிலும் எழுதி ஒட்டலாம். பெண் நடத்துநர்களும் ஓட்டுநர்களும் அதிகம் வேண்டும். குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். இன்றும் ஒரு பெண் ஸ்டியரிங் பிடித்தால் பத்திரிகையில் படம் போடுகிறார்கள் என்றால் நாம் எவ்வளவு மெதுவாகப் போகிறோம்!

இவை அரசின் வேலை. ஆண் பயணிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லும் உத்தரவு ஏன் நடைமுறையில் தூங்குகிறது தெரியுமா? பெண் துணிந்து புகார் சொன்னதும் நான் விசில் ஊதுவேன். உடனே பின்னாலிருந்து குரல் வரும். "எங்களுக்கு நேரமாவுது, ஒரு மாப்புக் கேக்கச் சொல்லிட்டு வண்டிய எடுங்க." "இதுக்கெல்லாம் ஸ்டேஷனா?" "அந்தப் பிள்ளைக்குத்தானே நாளைக்குக் கெட்ட பேரு." ஐந்து நிமிடத்தில் வண்டி முழுவதும் அவளுக்கு எதிராகத் திரும்பிவிடும். தொட்டவன் தலையைக் குனிந்து நிற்பான். புகார் சொன்னவள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோல, "விட்ருங்க அண்ணாச்சி" என்பாள். அந்தக் குரல்கள் கெட்டவர்களுடையவை இல்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த நல்லவர்களுடையவை.

ஆகவே, தம்மைச் சந்தேகிக்கிறார்களே என்று மனம் நோகும் ஆண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவளைக் காப்பாற்றக் கிளம்ப வேண்டாம், யாரையும் அடிக்க வேண்டாம், அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில், "வண்டி ஸ்டேஷனுக்கே போகட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சாப்பாடு அரை மணி நேரம் ஆறிப்போகும். எல்லா ஆண்களும் அப்படியில்லை என்பதற்கு அதுவே சாட்சி.